நூலகர் பதில்கள்: பேப்பர் வந்தாச்சு, படிக்க ஆள் வேண்டாமா?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ஆய்வுக் கட்டுரை ஜர்னலில் வந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது, அதைப் பிறர் கண்ணில் பட வைப்பதுதான் மீதி என்று. அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை மேசை நிறைய. முப்பத்திரண்டு வருடம் தூத்துக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நூலகனாக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு இதைவிடச் சந்தோஷம் ஏது? புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை குறிப்பிடுவதுதான் ‘சைட்டேஷன்’. அதை எண்ணிக் காட்டுகிற ஆய்வுத் தேடுபொறி கூகுள் ஸ்காலர். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*

ஐயா, ஆறு வருடத்தில் ஒன்பது பேப்பர் போட்டிருக்கிறேன். கூகுள் ஸ்காலரில் மொத்தம் பதினோரு சைட்டேஷன்தான் காட்டுகிறது. அதில் ஏழு நானே போட்டுக்கொண்டது. துறை நண்பர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். குழுவில் இருப்பவர்களின் பேப்பர்களை நாம் குறிப்பிட்டால் அவர்கள் நம்முடையதைக் குறிப்பிடுவார்கள். சேரலாமா?
– வேதியியல் உதவிப் பேராசிரியர், விருதுநகர்

இது மொய்தானே தம்பி! நீ ஐந்நூறு வைத்தால் நான் ஐந்நூற்று ஒன்று வைக்கிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. மொய் நோட்டு பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். ஸ்காலர் பக்கம் திறந்து கிடக்கிறது. உங்கள் எண்ணைத் தொட்டால் யார் யார் உங்களைக் குறிப்பிட்டார்கள் என்று வரிசையாக வந்து நிற்கும். நேர்காணல் அறையில் ஒருவர் கைப்பேசியை எடுத்து இரண்டு முறை தட்டினால் போதும், அதே எட்டுப் பெயர்கள் மாறி மாறி வருவது தெரிந்துவிடும். தனிமனிதர் மட்டுமல்ல, ஜர்னல்களும் இதில் மாட்டுகின்றன. தன்னைத் தானே அளவுக்கு மீறிக் குறிப்பிட்டுக்கொள்ளும் இதழ்களுக்கு இம்பேக்ட் ஃபேக்டர், அதாவது இதழின் சராசரி சைட்டேஷன் மதிப்பெண், தராமல் அதைக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனம் நிறுத்தி வைப்பது வருடா வருடம் நடக்கிறது. சேர வேண்டாம்.

நீங்கள் உங்களையே குறிப்பிட்டதில் தப்பில்லை. முந்தைய பேப்பரின் தொடர்ச்சி என்றால் அதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? பதினொன்றில் ஏழு என்பது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

அப்படியானால் வேறு வழி? எங்கள் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். உப்பளத்து ஓரங்களில் முளைக்கிற உமரிச் செடி பற்றி நான்கு வருடம் வெயிலில் அலைந்து எழுதினார். தலைப்பு என்ன வைத்தார் தெரியுமா? ‘சில தாவரங்கள் குறித்த ஓர் ஆய்வு’ என்று ஆங்கிலத்தில். உமரியும் இல்லை, உப்பும் இல்லை, தூத்துக்குடியும் இல்லை. சுருக்கத்தின் முதல் நாலு வரி ‘இந்தியா வளம் மிக்க நாடு’ என்கிற ரகம். அந்தக் கட்டுரையை யார் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்கள்? அச்சான தலைப்பை மாற்ற முடியாது. அதனால் ஆசிரியர் கையிலிருந்த கட்டுரைக் கோப்பைக் கல்லூரித் தளத்தில் ஏற்றினோம். செடியின் அறிவியல் பெயர், ஊர்ப் பெயர், மண்ணின் உப்பளவு, அளந்த முறை எல்லாம் வருகிற மாதிரி அந்தப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினோம். எட்டு மாதம் கழித்து பாவ்நகரிலிருந்து ஒருவர் மூலத் தரவு கிடைக்குமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். அவர் பேப்பரில்தான் நம்மவருக்கு முதல் சைட்டேஷன். கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு நூலகத்துக்கே ஓடி வந்தார் மனிதர்.

உங்கள் அடுத்த பேப்பருக்கு இதைச் செய்து பாருங்கள். எந்தச் சேர்மம், எந்த முறை, எந்தப் பொருளின் மேல் சோதித்தீர்கள் என்பது தலைப்பிலேயே இருக்கட்டும். முக்கியமான முடிவு சுருக்கத்தின் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிடட்டும். வெளியான அன்றைக்கு, நீங்கள் கட்டுரையில் யாரையெல்லாம் குறிப்பிட்டீர்களோ அவர்களில் பத்துப் பேருக்கு ஐந்து வரியில் ஒரு மின்னஞ்சல்: ‘உங்கள் இன்ன முடிவை இப்படிப் பயன்படுத்தினேன், எனக்கு இப்படி வந்தது.’ என்னைக் குறிப்பிடுங்கள் என்று கேட்கக் கூடாது. பத்தில் இரண்டு பேர் பதில் போடுவார்கள். அந்த இரண்டு பேர்தான் உங்கள் வாசகர்கள்.

இன்னொன்று: பிறர் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொருள் உங்கள் பேப்பரில் இருந்தால் அது ஓடும். அறிவியல் உலகிலேயே அதிகம் குறிப்பிடப்பட்ட கட்டுரை எது? சார்பியலும் இல்லை, டிஎன்ஏவும் இல்லை. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்கிற, லௌரியும் அவர் கூட்டாளிகளும் 1951இல் எழுதிய கட்டுரை. 2014இல் கணக்கெடுத்தபோதே மூன்று லட்சம் தாண்டியிருந்தது. சமையல் குறிப்பு மாதிரிதான் அது. ஆனால் எல்லார் வீட்டிலும் சமையல் நடக்கிறதே!

*

திருமணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு கணவர் பெயர். இரண்டு பேப்பரில் கைடு என் பெயரை விரித்து எழுதி, அப்பா பெயரை முன்னால் போட்டுவிட்டார். இப்போது என் கட்டுரைகள் நான்கு பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன. போதாக்குறைக்கு என் ஸ்காலர் பக்கத்தில் யாரோ ஒருவரின் மீன்வளக் கட்டுரைகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நான் இயற்பியல்!
– ஆய்வாளர், சேலம்

குடும்பப் பெயர் என்ற பழக்கமே இல்லாத ஊரில் பிறந்ததற்கு நாம் கட்டும் வரி இது, அம்மா. வெளிநாட்டுப் படிவம் ‘குடும்பப் பெயர்’ என்று கட்டம் போட்டுக் கேட்கிறது. ஒருவர் அப்பா பெயரை எழுதுகிறார், ஒருவர் தன் பெயரை எழுதுகிறார், ஒருவர் வெறும் முதலெழுத்தை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நோபல் வாங்கியவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வானியற்பியல் சந்திரசேகருக்கு அப்பா பெயர் சுப்பிரமணியன். அவர் அட்டவணைகளில் ‘சந்திரசேகர் எஸ்’. அதாவது தன் பெயர்தான் கடைசியில். ரைபோசோம் ஆய்வு செய்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு அப்பா பெயர் ராமகிருஷ்ணன். அவர் ‘ராமகிருஷ்ணன் வி’. உலகம் முழுக்க அவரை அப்பா பெயரில்தான் அடுக்கி வைத்திருக்கிறது. இரண்டு பேருமே ஒரே வடிவத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். எது சரி என்பதல்ல கேள்வி, மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

உங்களுக்கு இப்போது மூன்று வேலை. முதலாவது ஆர்கிட் எண், ஆய்வாளருக்கான அடையாள எண் அது. 2012 முதல் இருக்கிறது, பதினாறு இலக்கம், காசு கிடையாது. அதில் உங்கள் நான்கு பெயர்களையும் ‘வேறு பெயர்கள்’ பகுதியில் போட்டு, கட்டுரைகளை டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண்) கொடுத்து இணைத்துவிடுங்கள். கல்யாணம் ஆனாலும், வேலை மாறினாலும் அந்த எண் மாறாது. இரண்டாவது, ஆய்விதழ்களின் அட்டவணையான ஸ்கோபஸில் ஒரே ஆள் இரண்டு மூன்று பேராகப் பிரிந்திருந்தால் ஒன்றாக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கும் காசில்லை. மூன்றாவதைத்தான் இன்றைக்கே செய்ய வேண்டும்: ஸ்காலர் பக்கத்தில் அந்த மீன்களை எடுத்துவிட்டு, கட்டுரைகள் தானாகச் சேர்கிற வசதியை நிறுத்துங்கள். ‘எண்ணிக்கை கூடுகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். அது தெரியாமல் நடந்தது என்று பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

*

மூன்றே நாளில் வெளியிடுவதாக ஒரு சர்வதேச ஜர்னலிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. ‘ஸ்கோபஸ் இண்டெக்ஸ்டு’ என்று போட்டிருக்கிறார்கள். கட்டணம் 9,500 ரூபாய். நம்பலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

மூன்று நாளில் இட்லி மாவு புளிக்கும், கட்டுரையைப் பரிசீலிக்க முடியாது. அவர்கள் போட்டிருப்பதை நம்பாமல், ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். இதழுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்துத் தேட வேண்டும். பெயரை வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் நல்ல இதழின் பெயரையும் முகப்பையும் அப்படியே நகலெடுத்துப் போலித்தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் யுஜிசி கேர் பட்டியலைப் பார்க்கலாம் என்றால் அதையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். இனி பொறுப்பு நம்முடையதும் கல்லூரியுடையதும்தான். இந்த மாதிரி இதழ்களைப் பட்டியல் போட்டு உலகத்துக்குக் காட்டிக்கொடுத்த ஜெஃப்ரி பீல், கொலராடோவில் ஒரு பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

*

நான் தமிழில்தான் ஆய்வு செய்கிறேன், தமிழில்தான் எழுதுகிறேன். இருபது கட்டுரைகள் வந்துவிட்டன. இணையத்தில் தேடினால் ஒன்றுகூட வருவதில்லை. தமிழில் எழுதினால் இதுதான் கதியா?
– தமிழ்த்துறைப் பேராசிரியர், தஞ்சாவூர்

ஐயா, உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த மூன்று பிடிஎஃப்களையும் திறந்து பார்த்தேன். தமிழ் மேல் பழி போடாதீர்கள். எழுத்துருவின் மேல் போடுங்கள்.

முதல் கட்டுரை பாமினி எழுத்துருவில் அச்சுக்கோத்தது. கண்ணுக்கு அழகான தமிழ். ஆனால் அந்தப் பக்கத்தில் ‘தமிழ்’ என்று இருக்கும் இடத்தைத் தேய்த்து நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி – இவ்வளவுதான் வரும். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக்கள். நாம் பார்ப்பது அதன் மேல் போர்த்திய தமிழ் வேஷம். கூகுளில் ‘நெய்தல் திணை’ என்று தேடுகிறவருக்கு உங்கள் கட்டுரை எப்படி அகப்படும்? இரண்டாவது கட்டுரை கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தது. எழுத்தே இல்லை, வெறும் படம். கோப்பு 18 எம்பி. கூகுள் ஸ்காலர் 5 எம்பிக்கு மேல் போன பிடிஎஃப்பை எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாவது ஒருங்குறியில் (யூனிகோடு) இருக்கிறது, வாழ்க. ஆனால் இதழ் முழுவதும், 240 பக்கமும், ஒரே கோப்பு. ஒரு கட்டுரைக்கு ஒரு கோப்பு என்று இருந்தால்தான் ஸ்காலருக்கு விளங்கும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் கல்லூரி ஆய்விதழையே பதினைந்து வருடம் இப்படித்தான் அச்சிட்டோம். அச்சகத்தார் எந்த எழுத்துரு வைத்திருந்தாரோ அதுதான். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சகங்களின் காதில் அது விழ ரொம்ப நாள் ஆயிற்று.

என்ன செய்யலாம்? உங்களிடம் கணினிக் கோப்பாக இருக்கும் கட்டுரைகளை எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவாருங்கள். இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒரு முறை மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். பாட்டு வரிகளில் ஒற்று காணாமல் போகும். முதல் பக்கத்தில் தலைப்பு பெரிய எழுத்தில், அதற்கு நேர் கீழே உங்கள் பெயர். கடைசியில் துணைநூற்பட்டியல், அதற்கு மேல் ஆங்கிலத்திலும் ‘ரெஃபரன்சஸ்’ என்று ஒரு தலைப்பு. அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் எந்திரம் பட்டியலைப் பிரித்தெடுக்கிறது. இன்னொரு தொல்லையும் உண்டு: ஒருங்குறியில் இருந்தாலும் பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போது ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி எல்லாம் இடம் மாறி விழுவதுண்டு. அதனால் தலைப்பும் சுருக்கமும் பிடிஎஃப்புக்கு வெளியே, சாதாரண வலைப்பக்க எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

எங்கே போடுவது? ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகம் 2013 முதல் ‘ஜெனோடோ’ என்று ஒரு களஞ்சியம் நடத்துகிறது. அணுத்துகள் ஆராய்கிறவர்கள் நடத்துவது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். எந்தத் துறைக்காரரும், எந்த மொழியிலும் போடலாம். இலவசம், டிஓஐ எண்ணும் தருவார்கள். வெளியிட்ட இதழின் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போடுங்கள்.

அப்புறம், ஆங்கிலத்தில் 200 சொல்லுக்கு ஒரு சுருக்கம். இதில் எழுத்துக்கூட்டல் ஒரு பெரிய பள்ளம். சிலப்பதிகாரத்தை நாம் ஆங்கில ‘எஸ்’ போட்டு எழுதுகிறோம். தமிழ்ப் பேரகராதி முறையைப் பின்பற்றுகிற வெளிநாட்டு அறிஞர்கள் ‘சி’ போட்டு எழுதுகிறார்கள். சங்கமும் அப்படியே. இருவரும் ஒரே நூலைப் பற்றி எழுதி, ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படாமலே இருக்கிறார்கள். திறவுச்சொற்களில் இரண்டு வடிவத்தையும் போடுங்கள்.

தனிநாயகம் அடிகள் 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினாரே, எதற்கு? தமிழ் படிக்கத் தெரியாத ஆய்வாளரின் மேசைக்கும் தமிழாய்வு போய்ச் சேர வேண்டும் என்றுதான். அவர் காலத்தில் அதற்கு ஒரு இதழ் தேவைப்பட்டது. உங்களுக்கு 200 சொல் போதும்.

*

நல்ல ஆய்வு தானே பேசும். சர் சி. வி. ராமன் விளம்பரமா செய்தார்? இதெல்லாம் வியாபாரப் புத்தி.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

செய்தார் ஐயா, நன்றாகவே செய்தார்! 1928 பிப்ரவரி 28இல் கொல்கத்தாவில் அந்தப் புதிய ஒளிச்சிதறலைக் கண்டதும் பத்திரிகைக்குச் சொன்னார். கூட இருந்தவர் நம் வத்திராயிருப்புப் பக்கத்து கே. எஸ். கிருஷ்ணன். ‘நேச்சர்’ இதழுக்குக் குறிப்புகள் போயின. மார்ச் 16இல் பெங்களூரில் அதைப் பற்றி உரையாற்றினார். அந்த உரை அதே மாதத்திலேயே ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் அச்சேறியது. அந்த அச்சுப்படிகளை உலகெங்கும் இருந்த இயற்பியலாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார். மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்டாம் என்று இரண்டு பேர் அதே விளைவைப் படிகத்தில் பிப்ரவரி 21இலேயே பார்த்துவிட்டார்கள், ஒரு வாரம் முன்னதாக. அவர்கள் கட்டுரை வெளிவந்தது ஜூலையில். 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். தபால்தான் பரிசு வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் நாட்டு இதழில் வந்த கட்டுரை ஐரோப்பாவில் படிக்கப்பட்டதில் தபால்காரருக்கும் பங்கு உண்டு.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டாணிச் செடி மெண்டல் 1866இல் கட்டுரை வந்ததும் நாற்பது படிகள் வாங்கி அறிஞர்களுக்கு அனுப்பினார். மியூனிக்கின் பெரிய தாவரவியலாளர் நேகெலிக்கே ஒன்று போனது. அவரோடு கடிதப் போக்குவரத்தும் நடந்தது. பயன்? 1900இல் மூன்று பேர் தனித்தனியே அதே முடிவுக்கு வந்த பிறகுதான் உலகம் மெண்டலைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அவர் இறந்து பதினாறு வருடம். அனுப்பியும் நடக்காமல் போகலாம். அந்தக் கட்டுரை அச்சில், நூலகங்களில் இருந்ததால்தான் 1900இல் தேடியவர்கள் கைக்குக் கிடைத்தது. சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதிகளில் மூன்றாவது இதுதான்: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. அவரைத் தேடிப் பிடிப்பது வியாபாரம் என்றால் நான் முப்பத்திரண்டு வருடம் கடை வைத்திருந்தவன்.

*

என் பேப்பரின் பிடிஎஃப்பை, ஆய்வாளர்கள் கட்டுரை பகிரும் ரிசர்ச்கேட் தளத்தில் போட்டேன். பதிப்பகத்தார் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். என் கட்டுரை, எனக்கு உரிமை இல்லையா?
– பொறியியல் கல்லூரி ஆசிரியர், கோயம்புத்தூர்

கையெழுத்துப் போட்டு உரிமையைக் கொடுத்தது நீங்கள்தான். அந்தப் படிவத்தை யார் படிக்கிறார்கள்! பதிப்பகத்தார் அழகாக வடிவமைத்த கடைசிப் படி அவர்களுடையது. பரிசீலனைக்குப் பிறகு ஏற்கப்பட்ட உங்கள் வேர்டு கோப்பைப் பெரும்பாலான இதழ்கள் போட விடுகின்றன, சில உடனே, சில பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மாதம் கழித்து. எந்த இதழுக்கு என்ன விதி என்று ‘ஓபன் பாலிசி ஃபைண்டர்’ தளத்தில் பார்க்கலாம், முன்பு ‘ஷெர்ப்பா ரோமியோ’ என்று இருந்தது. ஆகவே அந்த வேர்டு கோப்பை அழித்துவிடாதீர்கள். பத்தில் எட்டுப் பேர் ‘ஃபைனல் நியூ 2’ என்று பெயர் வைத்து எங்கோ தொலைத்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள்.

ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம்தான் வந்துவிட்டதே, இலவசப் படி இனி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், பெரிய காரியம்தான். ஆனால் அது மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு. சுயநிதிக் கல்லூரியில் இருக்கிற ஒருவர் உங்கள் கட்டுரையைப் படிக்க வேண்டுமானால், நீங்கள் போட்டுவைத்த இலவசப் படிதான் கதி.

*

ஹெச்-இண்டெக்ஸ் எட்டு என்றால் நல்லதா, கெட்டதா?
– முனைவர் பட்ட மாணவர், திருச்சி

எட்டுக் கட்டுரைகளுக்குத் தலா எட்டு சைட்டேஷனாவது வந்திருக்கிறது என்று அர்த்தம். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. கணிதத்தில் எட்டு என்றால் எழுந்து நிற்பார்கள், மருத்துவத்தில் உட்காரச் சொல்லவும் யோசிப்பார்கள். துறைக்குத் துறை ஒப்பிடாதீர்கள். ஒரு வழக்கைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் குறிப்பிட்டன என்று பார்க்க அமெரிக்க வக்கீல்கள் 1873 முதல் ஒரு அட்டவணை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் யூஜின் கார்ஃபீல்டு 1964இல் அறிவியலுக்கும் ஒன்று கொண்டுவந்தார். கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிக்க வந்த கருவி அது. பதவி உயர்வுக் கோப்புக்குள் அது எப்படி நுழைந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

*

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் சைட்டேஷன் எத்தனை?
– வாசகர், நாகர்கோவில்

ஒன்று. 1998இல் ஒரு கருத்தரங்க மலரில் எழுதினேன், சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காப்பது பற்றி. மலரின் பத்துப் படிகள் இன்னும் வீட்டு பீரோவில் இருக்கின்றன. அதே பூச்சி இப்போது அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு ஒரு மத்தியானம் இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏதோ தேடப்போய், யாரோ ஒரு பிள்ளையின் ஆய்வேட்டில் என் கட்டுரை குறிப்பிடப்பட்டிருப்பதைப் பார்த்தேன். வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னாள், முதலெழுத்து என்னுடையது இல்லை என்று.